கூத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு எட்டு வார்த்தை

பங்குனி பிறந்துவிட்டால் திருவண்ணாமலைச் சீமையில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். இந்த வருஷம் நம் கூத்துக் குழுவான ஜமாவில் புதிதாகச் சேரும் தம்பிகளே, தங்கச்சிகளே! ஆட்டத்தையும் பாட்டையும் வாத்தியார் சொல்லித் தருவார். திரைக்குப் பின்னால் நடந்துகொள்ளும் முறையை நான் சொல்கிறேன். அங்கே ஒழுங்கு கெட்டால், ஆடும் களரியிலும் கூத்து நிலைக்காது.

1. பொழுதோடு வந்து சேருங்கள். கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. ராஜ வேஷத்தை ஒரு ஆளாகக் கட்டிக்கொள்ள முடியாது. நீங்கள் இன்னொருவருக்குக் கயிறு இழுத்துக் கட்டினால்தான் உங்களுக்கு ஒருவர் கட்டுவார். முடிச்சு தளர்ந்தால் சுற்றி ஆடும்போது கட்டை நழுவி முகத்தில் அடிக்கும். சின்ன வேஷம், பெரிய வேஷம் என்ற பேதம் கயிறு பிடிப்பதில் வேண்டாம்.

2. பெண்பிள்ளைகளுக்கு மறைவான இடம் கேளுங்கள். திரௌபதியையும் ஆண்களே கட்டிய காலம் ஒன்று இருந்தது. பெ. ராஜகோபால் முன்னின்று 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலமும் தொடங்கி, பெண்பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக்கொடுத்தது. காலம் மாறியபின் திறந்த கொட்டகையில் உடை மாற்றச் சொல்வது அநியாயம். தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும் வேண்டும் என்று ஆட ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கும்போதே ஊர்க்காரர்களிடம் பேசி முடியுங்கள்.

3. குடித்துவிட்டு வேஷம் கட்டாதீர்கள். ராத்திரி முழுக்க ஆடும் உடம்பு வலிக்கு அதுதான் மருந்து என்று யாராவது ஊற்றிக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். வலித்தால் வாத்தியாரிடம் சொல்லி ஓய்வு கேளுங்கள். கொடுக்காத வாத்தியாரிடம் இருக்காதீர்கள்.

4. அடிக்கும் கையை அடக்கப் பழகுங்கள். பீமன் ஜெயிப்பான் என்பது பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி, பீமன், துரியோதனன் வேஷக்காரர் இருவரும் ஆடி, கடைசியில் பீமன் தொடையைப் பிளக்கும்போது சனம் மூச்சு விடாமல் நிற்கும். அந்த நேரத்து ஆவேசத்திலும் எதிராளியின் உடம்பு உங்கள் பொறுப்பு. பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளும் இடம் களரி அல்ல.

5. துகிலுரிதலில் பயபக்தி வேண்டும். துச்சாதனன் கட்டுகிறவர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு கேட்கும் வழக்கம் உண்டு. அதைச் சடங்காக மட்டும் செய்யாதீர்கள். யார் எங்கே தொடுவது, எங்கே தொடக்கூடாது என்பதை ஆடுகிற இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

6. வாத்தியார் சொல்லைக் கேளுங்கள். வாத்தியாரும் உங்களைக் கேட்கட்டும். ஒருவர் சொல்லே என்றும் நிற்காது என்பதற்கு உங்கள் செல்போனில் ஓடும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்தைப் பாருங்கள். நம் கூத்தைப் போல அங்கும் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. 1982இல் தகப்பனாரிடமிருந்து அந்தக் கம்பெனியை வாங்கிய வின்ஸ் மக்மேன் வைத்ததுதான் பல காலம் அங்கே கதை. 2022 ஜூலையில், அவர்மேல் வந்த புகார்கள் விசாரணையில் இருக்கும்போதே, ஓய்வு பெறுவதாக அறிவித்தார். கதைப் பொறுப்பு டிரிபிள் ஹெச்சிடம் போனது. அவர் பல வருஷம் வளையத்துக்குள் அடி வாங்கியவர். அத்தனை பெரிய கம்பெனிக்கே தலை மாறும் நிலை வந்தது. ஜமாவுக்கு ஒரு தலை வேண்டும். அந்தத் தலைக்குக் காதும் வேண்டும். குறை இருந்தால் அதைக் களரியில் முகத்தில் காட்டாதீர்கள். மறுநாள் பகலில் உட்கார்ந்து பேசுங்கள்.

7. கதையை மாற்றலாம், அடிப்படை தெரிந்தபின் மாற்றுங்கள். நம் மாவட்டத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் பரம்பரை பாரதக்கூத்தை விடாமல் காத்தது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழு நடிகர்களுக்கும் தம்பிரான் கற்றுக்கொடுத்தார். அதே புரிசைக்காரர்கள் கொலம்பியா எழுத்தாளர் மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் கூத்தாக ஆடினார்கள். வேர் உறுதியாக இருந்ததால் அது முடிந்தது. விடிய விடிய ஆடுவதை நகரத்து மேடைக்கு இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால், திரைக்குப் பின்னிருந்து பாடிவரும் பிரவேசத்தில் கை வைக்காதீர்கள். சினிமா மெட்டையும் கட்டியக்காரனின் இரட்டை அர்த்தப் பேச்சையும் தாராளமாக வெட்டுங்கள். கைத்தட்டல் குறையும், மானம் மிஞ்சும்.

8. பங்கையும் பந்தியையும் ஒழுங்காக வையுங்கள். வந்த பணம் எவ்வளவு, யாருக்கு எத்தனை பங்கு என்று எல்லார் முன்னாலும் கணக்குச் சொல்ல வேண்டும். முகவீணைக்காரரையும் திரை பிடிக்கும் பையனையும் மறக்கக்கூடாது. சாதி பார்த்துத் தனி இலை போடும் ஊரில், ஜமா மொத்தமும் ஒரே வரிசையில் உட்காருவோம் என்று சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வாருங்கள்.

மூத்தவர்கள் செய்தார்கள் என்பதற்காக எதையும் செய்யாதீர்கள். மூத்தவர்கள் செய்தது என்பதற்காக எதையும் தள்ளவும் வேண்டாம். நாளை நீங்கள் வாத்தியார் ஆவீர்கள். உங்கள் ஜமாவுக்குத் தன் மகளை நம்பி அனுப்ப ஒரு தாய் முன்வந்தால், கூத்து பிழைத்தது என்று அர்த்தம். அதற்கான வேலையை இந்தப் பங்குனியிலேயே தொடங்குங்கள்.