நிஞ்சாக்களின் சொந்த ஊர் எது?

கேள்வி: சினிமாவில் கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரேறிக் குதிக்கிறார்களே, அந்த நிஞ்சாக்கள் நிஜமாகவே இருந்தார்களா? எங்கிருந்து வந்தார்கள்?

பதில்: இருந்தார்கள். அந்தக் கறுப்பு உடுப்பு மட்டும் பெரும்பாலும் நாடகக்காரர்களின் உபயம். ஆட்களுக்குப் பூர்வீகம் ஜப்பானின் இகா மாகாணம். மலைக்கு அந்தப் பக்கமுள்ள கோகாவும் இதில் பங்கு கேட்கும்.

680-ல் இசே மாகாணத்திலிருந்து பிரித்த குட்டி மாகாணம் இகா. சுற்றிலும் மலை, நடுவில் வயல். கியோத்தோவும் நாராவும் பக்கத்தில்தான். ஆனாலும் படை நடத்தி உள்ளே போவது பெரும்பாடு. நாராவின் தோதாய்ஜி கோயிலுக்கு இங்கே குரோதா என்ற பெரிய பண்ணை இருந்தது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் உள்ளூர்க்காரர்கள் குத்தகை கட்டாமல் கோயிலோடு மல்லுக்கு நின்றார்கள். அடக்கி ஆள வலுவான பிரபு யாரும் பிறகும் வாய்க்கவில்லை. விளைவு, ஆளுக்கொரு மண்கோட்டை. வீட்டைச் சுற்றி உயரமான மண்கரை, வெளியே அகழி. நூற்றுக்கணக்கான இடங்களில் அந்தக் கரைகள் இன்றும் தெரிகின்றன. பக்கத்துக் கோட்டைக்காரனை வேவு பார்த்துப் பார்த்தே இவர்கள் கைதேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உளவு, தீவைப்பு, இருட்டில் புகுந்து தாக்குவது என்று வெளியூர்ப் பிரபுக்களுக்கும் கூலிக்குப் போனார்கள்.

1579-ல், ஜப்பானை வளைத்துக்கொண்டிருந்த போர்ப்பிரபு ஓடா நொபுனாகாவின் மகன் நொபுகாட்சு, அப்பாவிடம் கேட்காமலே இகாவுக்குள் புகுந்து மூக்குடைபட்டுத் திரும்பினார். 1581-ல் அப்பா அனுப்பிய படை 40,000 பேருக்கு மேல். பல திசைகளிலிருந்து நுழைந்து ஊர்களையும் கோயில்களையும் எரித்தது. தப்பியவர்கள் சிதறினார்கள்.

மறு வருடமே நொபுனாகா கொல்லப்பட்டார். அவருடைய கூட்டாளி தொகுகாவா இயெயாசு, சகாய் நகரிலிருந்து உயிர் தப்பி ஊர் திரும்பியது இகா மலைவழியாக. வழித்துணைக்கு உதவியவர் ஹத்தோரி ஹான்சோ. இகாவின் நாயகன் என்று கொண்டாடப்படும் இவர் பிறந்தது மிகாவா மாகாணத்தில், அப்பாதான் இகாக்காரர்! பிறகு இகா ஆட்கள் சுமார் 200 பேருக்கு இயெயாசுவிடம் நிரந்தர வேலை கிடைத்தது. தோக்கியோ அரண்மனையில் ஹான்சோ பெயரில் ஒரு வாசலே உண்டு. அந்தப் பெயரில் சுரங்க ரயில் பாதையும் ஓடுகிறது.

தொழில் ரகசியங்கள் ஏட்டில் ஏறியது சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, 1676-ல். ஃபுஜிபயாஷி என்ற இகாக்காரர் தொகுத்த 'பான்சென்சூகாய்' நூலில் வெடிமருந்துக் கலவைகளோடு, பூனையின் கண்ணைப் பார்த்து மணி சொல்லும் முறையும் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் உருண்டையாக இருக்கும் கண்மணி, உச்சிவேளையில் ஊசிபோல் ஒடுங்கிவிடுமாம். பூனை தூங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.