கொள்ளுத் தாத்தாவைக் கிராண்டில் தேடலாம்!

பினாங்கில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பமா உங்களுடையது? பிறப்புப் பத்திரம் கிடைக்காத முன்னோரின் பெயர்கூட நிலக் காகிதத்திலோ கோர்ட்டுக் காகிதத்திலோ இருக்கலாம். வீண் அலைச்சல் இல்லாமல் தேட இதோ சில வழிகள்.

1. அலமாரியில் உள்ள நில வரி பில்லை முதலில் எடுங்கள். முக்கிம் எண்ணும் லோட் எண்ணும் அதில் இருக்கும். பாயான் லெப்பாஸ் என்றால் முக்கிம் 12. இந்த எண்கள் இல்லாமல் கவுண்டரில் போய் நின்றால் பாதி நாள் வீண்.

2. கிராண்டின், அதாவது நில உரிமைப் பத்திரத்தின், தலைப்பைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். 'ஜெரான் முக்கிம்' என்றிருந்தால், பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களுக்குப் பாலிக் பூலாவில் உள்ள மாவட்ட நில அலுவலகம். வெறும் 'ஜெரான்' என்றால் கொம்தாரில் உள்ள மாநில நில அலுவலகம்.

3. தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1-இல் நடப்புக்கு வரும்வரை, பினாங்கில் நிலம் பத்திரங்கள் மூலமாகவே கைமாறியது. அதனால் பதிவேட்டில் தேடல் நின்றுபோனாலும் விட்டுவிடாதீர்கள், பழைய 'இண்டென்ச்சர்' பத்திரத்தைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய பத்திரத்தின் தேதியையும் ஆட்களையும் சொல்லும். கிணற்றுக் கயிறுபோல இழுக்க இழுக்க வரும்.

4. பழைய பத்திரத்தில் 'ஓர்லோங்' என்ற நில அளவைக் கண்டால், ஒன்றுக்குச் சுமார் 1.3 ஏக்கர் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

5. எல்லாவற்றிலும் பெரிய புதையல் 'புசாக்கா கெச்சில்' கோப்புதான். உயில் எழுதாமல் இறந்தவரின் சிறிய சொத்தை, 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமலே நில அலுவலகத்தில் பங்கு பிரிப்பார்கள். மனுவில் வாரிசுகள் பெயரும் உறவுமுறையும் வரிசையாக வந்துவிடும். கல்யாணமாகி வேறு ஊர் போன அத்தைகளைக்கூட அங்கே பிடித்துவிடலாம்!

6. உயில் இருந்ததென்றால் கோர்ட்டுப் பதிவைத் தேடுங்கள். பினாங்குக்கு 1807 அரச சாசனத்திலேயே கோர்ட் வந்துவிட்டது. 1808 முதல் 1884 வரையிலான வழக்குகளைக் கைஷி என்பவர் தொகுத்திருக்கிறார். ஒரு முஸ்லிமின் உயிலைப் பற்றிய 1871-ஆம் ஆண்டின் 'பாத்திமா எதிர் லோகன்' வழக்கும் அதில் உண்டு. பங்குத் தகராறு வந்த குடும்பங்களில் மனைவி, மகள் பெயர்களும் எழுத்தில் ஏறியிருக்கும், ஆகவே வழக்கு என்றதும் முகம் சுளிக்காதீர்கள்.

7. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார். காதரை 'சி'யிலும் 'கே'யிலும் தேடுங்கள்; மைதீன், மொஹிதீன், மரைக்காயர், மரிக்கான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயருக்குப் பக்கத்தில் 'சூலியா' என்றிருந்தால் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம், நம்மவர்தான்.

8. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்களை வீட்டிலிருந்தே காசில்லாமல் புரட்டலாம். ஆள் பெயர் சிக்காவிட்டால் தெருப் பெயரைப் போட்டு, ஏல அறிவிப்புகளைப் பாருங்கள்.

9. பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்பேட்டை வந்தபோது நிலம் கொடுத்த குடும்பமா? இழப்பீட்டுக்கு வந்த 'போராங் எச்' எங்காவது மடித்து வைத்திருப்பார்கள். அந்த நாளில் நிலத்தில் யார் யாருக்குப் பாத்தியதை இருந்தது என்பதை அறிய அது உதவும்.

10. கிடைத்த பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, பெரிய எழுத்தாகப் பிரிண்ட் போட்டு வீட்டு மூத்தவர்களிடம் கொடுங்கள். கண்ணாடி தேடும் வேலையில்லாமல் 'இது யார் தெரியுமா' என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.