கார்ட்டூன் கார்களும் நம் கடைகளும்



பொம்மைக் கார் என்றால் சிறு பிள்ளைகள் உருட்டி விளையாடும் சாமான், இரண்டு நாளிலே சக்கரம் கழன்று போகும், அதிலே படித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நம்மவர்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் இன்றைய வியாபாரத்துக்கு உதவாது. நம் கடைகளுக்கு வருகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். முப்பது நாற்பது வயதுள்ள ஆண்கள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள், கொக்கியிலே தொங்கும் கார்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அதிலே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முகமலர்ச்சியோடு காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர் எதைப் பார்த்தார், ஏன் அந்த ஒன்றை மட்டும் எடுத்தார் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால், அந்தச் சரக்கைப் பொறுத்தவரை கடைக்கு முதலாளி வாங்க வந்தவர்தான்.

பொம்மைக் கார்களில் பல தினுசு உண்டு. கார்ட்டூன் படங்களில் வரும் பாத்திரங்களின் உருவிலே செய்யப்பட்ட கார்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். ஏனெனில் சேகரிப்போர் அதிகமாகத் தேடுவதிலும், போலிச் சரக்கு அதிகமாகப் புழங்குவதிலும் இவ்வகை முன்னணியில் நிற்கிறது.

இது நேற்று முளைத்த சங்கதி அன்று. வேல்ஸ் தேசத்து ஸ்வான்ஸீ நகரிலே கார்கி என்ற பெயரில் உலோகக் கார்கள் செய்து வந்தார்கள். அவர்கள் 1969-ல் பாப்பாய் மாலுமியின் வண்டியையும், அதற்கு முந்திய ஆண்டு வந்த கார்ட்டூன் படமொன்றைத் தழுவி மஞ்சள் நிற நீர்மூழ்கிக் கப்பலையும் வெளியிட்டார்கள். லண்டனிலிருந்த மாட்ச்பாக்ஸ் கம்பெனி 1979-ல் மிக்கி மவுஸ் முதலான டிஸ்னி பாத்திரங்களை வண்டி ஓட்டுகிறவர்களாக வைத்து ஒரு வரிசையை இறக்கியது. மாட்ச்பாக்ஸ் என்ற பெயர் வந்த கதை வியாபாரிகளுக்கு ருசிக்கும். அந்தக் கம்பெனியின் பங்காளி ஒருவருடைய மகள் படித்த பள்ளிக்கூடத்திலே, தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானைத்தான் கொண்டு வரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தகப்பனார் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி ஒரு சிறிய சாலை உருளையைச் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். 1953-ல் அதுவே வியாபாரமாயிற்று. பிள்ளையின் பையிலே என்ன அடங்கும் என்று யோசித்தவர் உலகச் சந்தையைப் பிடித்தார். அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1968-ல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸ் என்ற போட்டிச் சரக்கை இறக்கியது. பிற்பாடு 1997-ல் மாட்ச்பாக்ஸையும் அதே மேட்டல் தன் வசமாக்கிக்கொண்டது.

பழைய கார்ட்டூன் கார்களில் பாத்திரம் வேறு, வண்டி வேறு. மிக்கி மவுஸ் உள்ளே உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். வண்டியே பாத்திரமாகிப் பெருவியாபாரம் ஆனது 2006-ல். அந்த ஆண்டு ஜூன் மாதம் பிக்ஸார் நிறுவனத்தார் 'கார்ஸ்' என்ற படத்தை வெளியிட்டார்கள். அதிலே மனிதரே கிடையாது. எல்லோரும் வண்டிகள். மற்றக் கார்ட்டூன்களில் காருக்கு முகம் வைத்தால் முன்விளக்குகளைக் கண்ணாக வரைவது வழக்கம். இந்தப் படத்திலோ கண்களை முன்கண்ணாடியிலே வைத்தார்கள். அதனால் வண்டி முழுவதும் ஒரு முகமாயிற்று, பொம்மை செய்கிறவருக்கும் வேலை சுலபமாயிற்று. கண்ணாடியிலே கண்ணை அச்சடித்தால் பாத்திரம் வந்துவிடும்.

பாத்திரங்களும் வெறும் கற்பனை அல்ல. டாக் ஹட்சன் என்ற கிழட்டு வைத்தியர் 1951-ம் ஆண்டின் ஹட்சன் ஹார்னெட் கார். அந்தக் கார் அந்நாளைய அமெரிக்கப் பந்தயங்களில் பெயரெடுத்தது. லுயீஜி பழைய ஃபியட் 500. சார்ஜ் என்பவர் யுத்த கால வில்லிஸ் ஜீப். மேட்டர் துருப்பிடித்த பழைய இழுவை லோரி. கதாநாயகனான லைட்னிங் மெக்குயின் மட்டும் எந்தக் கம்பெனியின் காரும் இல்லை, பல பந்தயக் கார்களின் சாயல். அவனுக்கு அப்பெயர் 2002-ல் காலமான ஒரு பிக்ஸார் சித்திரக்காரரின் நினைவாக வைக்கப்பட்டது. மேலே எழுதியுள்ள 95 என்ற எண் அந்த நிறுவனத்தின் முதல் முழுநீளப் படம் வெளிவந்த 1995-ஐக் குறிக்கும். வாங்க வருகிற தம்பிமாருக்கு இதெல்லாம் மனப்பாடம். கடைக்காரர் தெரியாது என்று விழித்தால் அவர்களுக்கு நம் சரக்கின் மேல் நம்பிக்கை எப்படி வரும்?

கணக்கையும் பார்ப்போம். அந்த முதற்படம் உலகமெங்கும் தியேட்டர்களில் வசூலித்தது சுமார் 46 கோடி அமெரிக்க டாலர். 2011-ல் இரண்டாம் படம் வருவதற்கு முந்திய ஐந்தாண்டுகளில், அப்பாத்திரங்கள் பதித்த பொம்மை, சட்டை, பை முதலிய சாமான்களின் விற்பனை ஏறக்குறைய 1,000 கோடி டாலர் என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. படம் ஒரு பங்கு என்றால் சாமான் இருபது பங்கு! 2017-ல் மூன்றாம் படம் வந்தது.

ஒரே மெக்குயினை ஒருவரே பத்துத் தடவை ஏன் வாங்குகிறார் என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். காரணம் இதுதான். படத்திலே அவன் ஓரிடத்தில் பளபளப்பாக வருகிறான், ஓரிடத்தில் தார் பூசிக்கொண்டு வருகிறான், கனவிலே நீல வர்ணத்தோடு வருகிறான். அச்சு ஒன்றே. வர்ணம் மாற மாற வேறு பொம்மை, வேறு அட்டை, சேகரிப்போர் கணக்கிலே வேறு எண். பட்டுத்துணி ஒரே நெய்வுதான், கரை மாறினால் வேறு சேலை என்று நாம் விற்பதில்லையா? அதுபோலத்தான்.

இனி நம் ஊரின் பங்குக்கு வருவோம். சூலியா தெருவின் கீழ்முனையிலிருந்து படகுத்துறைக்கு நடந்து, ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினால், பிறை தொழிற்பேட்டை அங்கிருந்து தூரமில்லை. மேட்டல் கம்பெனி 1981-ல் அங்கே தொழிற்சாலை வைத்தது. உலகத்துப் பிள்ளைகளின் கையிலுள்ள ஹாட் வீல்ஸ் கார்களில் பெரும் பங்கு அங்கே வார்த்தவையே. அமெரிக்காவிலே ஒரு பையன் தன் காரைத் திருப்பிப் பார்த்தால் அடியிலே மலேசியா என்று இருக்கும். கடலுக்கு இக்கரையில் இருக்கும் நமக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியம் சேர்ந்த ஓர் உலோகக் கலவை இருக்கிறது. நானூறு டிகிரியை ஒட்டிய சூட்டிலே அதை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அது இறுகிவிடும். ஓரத்துப் பிசிறுகளை நீக்கி, வர்ணம் தூவி, கண், எண், விளம்பரப் பூ முதலியவற்றை மெத்தென்ற ரப்பர் முத்திரையால் ஒற்றி எடுப்பார்கள். பிறகு கண்ணாடி, உள்ளிருக்கை, அச்சாணி, அடித்தட்டு இவற்றைச் சேர்த்து, உடலோடு வார்த்த இரண்டு முளைகளைக் கீழ்ப்புறம் நசுக்கி மூடிவிடுவார்கள். திருகாணி கிடையாது. இந்த முளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நசுக்கிய முளையைத் துளைத்திருந்தாலோ, அங்கே திருகாணி இருந்தாலோ, யாரோ வண்டியைத் திறந்து சக்கரத்தையோ வர்ணத்தையோ மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். மாற்றுவது குற்றமில்லை. மாற்றியதைச் சொல்லாமல் அசல் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

அடித்தட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டியின் ஜாதகமே தெரிந்துவிடும். கம்பெனிப் பெயர், வண்டியின் பெயர், தேசம், ஆண்டு எல்லாம் அங்கே இருக்கும். ஆண்டு விஷயத்திலே பலர் ஏமாறுகிறார்கள். அங்கே பொறித்திருப்பது அந்த அச்சு உருவாக்கப்பட்டு உரிமை பதிவான ஆண்டு. உங்கள் கையிலுள்ள வண்டி வார்க்கப்பட்ட ஆண்டு அன்று. ஒரே அச்சைப் பல ஆண்டுகள் வைத்து வார்ப்பார்கள். ஆகவே 'அடியிலே பழைய ஆண்டு இருக்கிறது, அதனால் இது பழம்பொருள்' என்று ஒருவர் நூறு வெள்ளி கேட்டால் உடனே காசை நீட்டிவிட வேண்டாம். ஹாட் வீல்ஸ் கார்களில் 2008 முதல் வேறொரு சிறு குறியும் அடியிலே அச்சிடப்படுகிறது. ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். எழுத்து ஆண்டுக்கு, இலக்கம் வாரத்துக்கு. 2008-க்கு ஏ, 2009-க்கு பி, இப்படியே போகும். டி 07 என்றிருந்தால் அது 2011-ம் ஆண்டின் ஏழாவது வாரம். உண்மையான வயது இதுவே.

தேசப் பெயரையும் பாருங்கள். ஹாட் வீல்ஸில் வரும் கார்ட்டூன் வண்டிகள் வேறு, 'கார்ஸ்' படத்துப் பொம்மைகள் வேறு. இரண்டும் மேட்டல் சரக்குத்தான். ஆனால் 'கார்ஸ்' பொம்மைகளின் அடியிலே சீனா என்றோ தாய்லாந்து என்றோ இருப்பதைப் பரவலாகக் காணலாம். ஆகையால் 'பிறை ஃபேக்டரியிலிருந்து நேராக வந்த மெக்குயின்' என்று சைக்கிளிலே பை மாட்டிக்கொண்டு வருகிறவரிடம் நிதானமாகப் பேசுங்கள். அளவிலும் வித்தியாசம் உண்டு. ஹாட் வீல்ஸ் அசல் காரின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு, 'கார்ஸ்' பொம்மை ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். நாலரை மீட்டர் நீளமுள்ள கார் முன்னதில் ஏழு சென்டிமீட்டர், பின்னதில் எட்டுக்குச் சற்று மேல் வரும். இரண்டையும் ஒரே தட்டிலே கலந்து வைத்தால் வாங்குகிறவர் உதட்டைப் பிதுக்குவார்.

இப்போது கவலையான விஷயத்துக்கு வருகிறேன். 2007-ம் ஆண்டு ஆகஸ்ட் 14-ந் தேதி, 'கார்ஸ்' வரிசையிலே சார்ஜ் என்ற அந்த ஜீப் பொம்மையை மேட்டல் கம்பெனி சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் 2 லட்சத்து 53 ஆயிரம் வண்டிகள். வர்ணத்திலே ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. எப்படி நேர்ந்தது? வேலையை ஒப்புக்கொண்ட சீனத் தொழிற்சாலை, வர்ணம் பூசும் வேலையை வேறொருவரிடம் விட்டது. அவர் அனுமதி பெறாத இடத்திலே வர்ணம் வாங்கிவிட்டார். அத்தனை பெரிய கம்பெனியின் அசல் சரக்கிலேயே, கை மாறிய ஓரிடத்தில் இப்படி நடந்ததென்றால், பெயரே இல்லாத போலிச் சரக்கிலே யார் எந்த வர்ணத்தைக் கண்டார்? சிறு பிள்ளைகள் காரை உருட்டுவதோடு நிற்பதில்லை, வாயிலும் வைக்கிறார்கள். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெடுத்தது அன்றைக்கே வெளியிலே தெரியாது.

நம் நாட்டிலே இதற்குச் சட்டம் உண்டு. விளையாட்டுச் சாமான்களின் பாதுகாப்புக்கென்று 2009-ல் விதிகள் வந்தன. அதன்படி விற்பனைக்குள்ள பொம்மையிலே எம்.சி. என்ற இணக்க முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியை மொத்த வியாபாரி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கொள்முதல் செய்யாதீர்கள். சென்ற ஆண்டு ஒருவர் எனக்கு ஒரு பெட்டி மெக்குயின் காட்டினார். அசலின் பாதி விலைக்கும் குறைவு. ஈரத்துணியால் துடைத்தேன், துணி சிவந்துவிட்டது. ஒரு கண் நேராகவும் மறு கண் கோணலாகவும் அச்சாகியிருந்தது. அடியிலே கம்பெனிப் பெயரும் இல்லை, தேசப் பெயரும் இல்லை. 'சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியுமா நானா?' என்றார். பிள்ளைக்குத் தெரியாது என்பதால்தானே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது! சரக்கின் குறையை மறைத்து விற்பது எத்தகையது என்று மத்ரஸாவிலே ஓதிய நமக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சேகரிப்போர் எல்லோரும் ஒரு ரகமில்லை. ஆசைக்குச் சேர்ப்பவர் இருக்கிறார், அடுத்த வாரமே இரட்டை விலைக்கு விற்பவரும் இருக்கிறார். கம்பெனிகளே வேண்டுமென்று அருமையை உண்டாக்குவதும் உண்டு. 1995-ல் ஹாட் வீல்ஸ் 'புதையல் வேட்டை' என்று 12 கார்களை, ஒவ்வொன்றும் 10,000 மட்டுமே என்று கணக்கிட்டு மற்றவற்றோடு கலந்து அனுப்பியது. அதுமுதல் பெட்டி பிரிக்கும் முன்பே கடை வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டானார்கள். பெட்டியை அப்படியே கொடுங்கள், மேலே ஐம்பது வெள்ளி தருகிறேன் என்பார்கள். என் கடையிலே ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை. மொத்தமாக வாங்குகிறவர் ஒரு நாள் வந்து போவார். அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டர் கேட்டு வருகிற பிள்ளை, கிடைத்தால் அடுத்த மாதமும் அழைத்து வரும். இதிலே என்னோடு ஒத்துப்போகாத சகோதரர்கள் உண்டு. முதலைச் சீக்கிரம் திருப்புவதே நல்லது என்பார்கள். வாடகை ஏறியிருக்கும் இந்நாளில் அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

பழைய வண்டியை வாங்கி விற்கிறவர்கள் ரசீதிலே பாத்திரத்தின் பெயர், அடித்தட்டிலுள்ள தேசம், அட்டை திறந்ததா திறவாததா, ஏதாவது மாற்றப்பட்டதா என்ற நான்கையும் எழுதிக் கொடுப்பது நலம். பொய்யான வர்ணனையோடு சரக்கை விற்பதைத் தடுக்க 2011-ம் ஆண்டின் வர்த்தக விவரணைச் சட்டம் இருக்கிறது. வாயால் சொன்னதற்கும் அது பொருந்தும். 'கார்ஸ்' பொம்மைகளில் 2006-ல் வந்த முதல் அட்டைகளில் பாலைவனப் படம் இருக்கும். அவை திறவாமல் இருந்தால் தனி விலை. அட்டையின் மூலை மடங்கினாலே மதிப்பு இறங்கும்.

பினாங்கின் கடற்காற்று அட்டையை நெளிய வைக்கும், வெயில் சிவப்பை வெளுக்கும். ஆகவே கண்ணாடி ஜன்னல் ஓரத்திலே தொங்கவிடாமல் உட்சுவரிலே வையுங்கள். யுத்தத்துக்கு முந்திய வார்ப்பு வண்டி யாராவது கொண்டு வந்தால் நகத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அக்காலத்துத் துத்தநாகத்திலே ஈயம் கலந்துவிட்டால், உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொரிந்து உதிரும். அதற்கு மருந்து கிடையாது. இப்போதைய வார்ப்புகளுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு, மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும்.