பிரிவுக் காலத்துப் பொய்ப் புகார்களும் குழந்தையின் பொறுப்புரிமையும்

கேள்வி: ஒன்றரை ஆண்டாக மனைவியைப் பிரிந்து வாழும் வாசகர் ஒருவர், ஏழு வயது மகளைத் தம் பொறுப்பில் ஒப்படைக்கக் கோரிக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்துள்ளார். அதன் பின்னர் தம்மீதும் தம் பெற்றோர்மீதும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமைப் புகார் அளிக்கப்பட்டதாகவும், மகளிடம் தவறாக நடந்துகொண்டதாக மனைவியின் எதிருரையில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருப்பதாகவும் தெரிவிக்கிறார். இவை பொய் என்று எவ்வாறு நிறுவுவது, புகார் கொடுத்தவர்மீது வழக்குத் தொடர இயலுமா, மகளைப் பார்க்கும் உரிமை பறிபோகுமா என்பன அவருடைய கேள்விகள்.

பதில்: நிரூபிக்கப்படாத புகாரும் பொய்ப் புகாரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சான்று போதாமையால் ஒரு வழக்கு விடுதலையில் முடிந்தால், குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். புகார் அளித்தவர் பொய்யென்று அறிந்தே அதைச் சொன்னார் என்பது தனியே நிறுவப்பட வேண்டிய வேறொரு செய்தி. நான்கு சுவருக்குள் நடக்கும் கொடுமைக்குப் பெரும்பாலும் சாட்சி இருப்பதில்லை என்பதால், மெய்யான புகார்களும் இவ்வாறு தோற்றுப்போவதுண்டு. ஆகவே மனைவியைப் பொய்யர் என்று நிறுவுவதையே முழு வழக்காக ஆக்கிக்கொள்பவர், குடும்ப நல நீதிமன்றம் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவராகிறார். அந்த நீதிமன்றம் கேட்பது, இந்தக் குழந்தை யாரிடம், எவ்வாறு நலமாக வளரும் என்பதையே.

கைது பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, கணவனோ அவனுடைய உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுகளுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவே பொருந்தும். இத்தகைய வழக்குகளில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிமுறை இன்றும் நடைமுறையில் உள்ளது. கைது தேவையில்லாத நிலையில், விசாரணைக்கு வருமாறு குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்கீழ் காவல் துறை அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதைப் பெற்றவர் தவறாமல் நேரில் சென்று ஒத்துழைக்கும் வரை, காரணங்களை எழுத்தில் பதியாமல் அவரைக் கைது செய்ய இயலாது. இதனை அறியாமல் அறிவிப்பை வாங்க மறுப்பதும் ஊரைவிட்டுத் தலைமறைவாவதும் தாமே வினையைத் தேடிக்கொள்வதாகும். பெற்றோரைப் பொறுத்தவரை, இன்னார் இன்ன நாளில் இன்னது செய்தார் என்ற விவரமின்றிக் குடும்பத்தார் அனைவரையும் பொத்தாம்பொதுவாகச் சேர்த்த வழக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் கஹகஷான் கௌசர் வழக்கில் ரத்து செய்திருப்பதால், முதல் தகவல் அறிக்கை பதிவான பின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுக அவர்களுக்கு வலுவான அடிப்படை உண்டு.

மகளைப் பற்றிய அந்த ஒற்றை வரி, மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. அது காவல் நிலையத்துக்குச் செல்லுமானால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது போக்சோ, நடைமுறைக்கு வரும். அதன் 29ஆம் பிரிவு குறிப்பிட்ட குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான அனுமானத்தைக் கொண்டிருப்பதால், கைதுக்கு முன்பே பிணை கோரும் முன்ஜாமீன் மனுவைப் பற்றித் தாமதமின்றி வழக்கறிஞரிடம் ஆலோசிக்க வேண்டும். தீய நோக்கத்தோடு அளிக்கப்படும் பொய்ப் புகாருக்கு அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. பொய்யான தகவலைத் தந்தது குழந்தையாக இருந்தால் தண்டனை கிடையாது. குழந்தையின் பொறுப்புரிமைக்காகத் தந்தைமீது புனையப்பட்ட ஒரு போக்சோ வழக்கை 2019இல் ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், புகார் அளித்த தாய்மீது இப்பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. அவ்வழக்கில் தாயின் கூற்றை மகளே மறுத்திருந்தாள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. இதைப் படிக்கும் எந்தத் தந்தையும், தம் மகளையும் அவ்வாறு பேச வைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தையைக் கைப்பேசியின் முன் அமர்த்தி, “அப்பா உன்னை ஏதாவது செய்தேனா, சொல்லு” என்று கேட்டுப் பதிவு செய்வது அவளுக்குச் செய்யும் கொடுமை. சொல்லிக்கொடுத்த சாட்சி என்ற ஐயத்தையும் அதுவே எழுப்பும். எதிருரையில் உள்ள அந்த வரியை மறுமொழி மனுவில் திட்டவட்டமாக மறுத்து, நாளும் இடமும் குறிப்பிடுமாறு கோரி, 1984ஆம் ஆண்டுக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி பொதுமக்கள் இல்லாத மூடிய அறையில் விசாரணை நடத்த வேண்டுவதே உரிய வழி.

பொறுப்புரிமை பற்றிய சட்டம் குழந்தையின் நலனையே தலையாய அளவுகோலாகக் கொள்கிறது என்பதை 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நிலுவையிலுள்ள குற்ற வழக்கைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்று நில் ரத்தன் குண்டு வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், “வழக்கு இன்னும் முடியவில்லையே” என்ற வாதம் மட்டும் தந்தைக்குக் கைகொடுக்காது. கைகொடுப்பவை அன்றாட வாழ்வின் எளிய தாள்கள்: தடுப்பூசி அட்டை, தந்தையின் கணக்கிலிருந்து கட்டப்பட்ட பள்ளிக் கட்டண ரசீதுகள், பெற்றோர் கூட்டத்தில் அவர் இட்ட கையொப்பம், காய்ச்சலுக்கு அழைத்துச் சென்ற மருத்துவரின் சீட்டு, மகளின் படிப்பைப் பற்றிக் கணவனும் மனைவியும் அண்மை வரை இயல்பாகப் பேசிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள். குறிப்பாக அந்தச் செய்திகள், தவறு நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பின்னும் தாயே மகளைத் தந்தையுடன் தனியே அனுப்பியதைக் காட்டுமானால், நூறு மறுப்புரைகளைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழுடன் தாக்கல் செய்ய வேண்டும். கைப்பேசியை மாற்றாமலும் உரையாடலை அழிக்காமலும் வைத்திருக்க வேண்டும்.

ஒரு தரப்பு மட்டுமே பொய் சொல்கிறது என்று இந்தத் துறையை அறிந்த எவரும் சொல்ல மாட்டார். மனைவியின் ஒழுக்கத்தையும் மனநலத்தையும் பழிக்கும் வரிகள் கணவர்களின் மனுக்களில் கூச்சமின்றி இடம்பெறுகின்றன. அத்தகைய ஆதாரமற்ற பழியே மனைவிக்கு இழைக்கப்படும் கொடுமை என்று விஜயகுமார் பாட்டே வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிலடியாக அவ்வாறு எழுதச் சொல்லி உறவினர் நெருக்கினாலும், வாசகர் அதற்கு இடம் தரலாகாது.

பொய்யுரைத்தவர்மீது நடவடிக்கை எடுக்க வழி இல்லாமல் இல்லை. நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சியம் அளித்தவரை விசாரிக்குமாறு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆம் பிரிவின்கீழ் அந்த நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். தீங்கு விளைவிக்கும் நோக்குடன் பொய்யாகக் குற்றம் சாட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 248ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். பொய்ப் புகார் மனரீதியான கொடுமையாகி விவாகரத்துக்கு அடிப்படையாகலாம் என்பதை கே. சீனிவாச ராவ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் இவை புகாரின் பொய்ம்மை ஒரு தீர்ப்பிலோ விசாரணை முடிவிலோ வெளிப்பட்ட பின்னரே வலுப்பெறும். இப்போதே தொடுத்தால், மகளின் வழக்கு பெற்றோரின் பகைவழக்காக உருமாறி ஆண்டுக்கணக்கில் இழுபடும். அதற்குள் மகள் தந்தையின் முகத்தையே மறக்கக்கூடும்.

எனவே உடனடியாகத் தாக்கல் செய்ய வேண்டியது, மகளைச் சந்திக்க அனுமதி கோரும் இடைக்கால மனு, அதாவது முதன்மை வழக்கு முடியும்வரை தற்காலிக ஏற்பாடு வேண்டும் மனு. 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 12ஆம் பிரிவும், திருமண வழக்கு நிலுவையில் இருப்பின் இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் இதற்கு இடமளிக்கின்றன. குற்றச்சாட்டு நிலுவையில் இருப்பதால் மேற்பார்வையுடன் கூடிய சந்திப்பைத் தந்தை தாமாகவே கோருவது நல்லது. நீதிமன்ற வளாகத்தில் ஆலோசகர் முன்னிலையில் வாரம் ஒரு மணி நேரம் என்பது தொடக்கத்தில் மனத்தைப் புண்படுத்தலாம். எனினும் மகள் ஓடி வந்து மடியில் அமர்வதையோ தயங்கி நிற்பதையோ நேரில் கண்டு எழுதும் அந்த ஆலோசகரின் அறிக்கையே, இரு தரப்பையும் சாராத முதல் சான்றாக வழக்கில் சேரும். பொறுப்புரிமை பெறாத பெற்றோர் காணொலி அழைப்பு போன்றவற்றில் குழந்தையுடன் பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், இடைப்பட்ட நாள்களுக்கு அதையும் சேர்த்துக் கோரலாம். குறித்த நாளில் மகள் அழைத்துவரப்படாவிட்டால், மாமனார் வீட்டு வாசலில் சென்று குரல் உயர்த்தாமல், தாம் வந்து காத்திருந்ததை அன்றே குறிப்பு மனுவாக நீதிமன்ற அலுவலகத்தில் கொடுத்து, அதன் நகலில் முத்திரை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.