இரண்டாம் முறை வந்த தூதன்

வேதபாடம்: 1 இராஜாக்கள் 19:1–18

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

நமது மருத்துவமனையின் மது, போதை மறுவாழ்வு விடுதிக்காக நீங்கள் ஏறெடுக்கும் ஜெபங்களுக்காகவும் அனுப்பிவரும் காணிக்கைகளுக்காகவும் தேவனைத் துதிக்கிறோம்.

பங்காளர் ஒருவர் எங்களுக்கு எழுதிய கடிதத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: "சிகிச்சை முடிந்து போனவன் மறுபடியும் குடித்துவிட்டு வந்து நின்றால், எங்கள் காணிக்கையில் அவனுக்கு மறுபடியும் படுக்கை கொடுப்பீர்களா?" கேள்வி நியாயமானது. விதவைகளின் காசும் ஓய்வூதியக்காரரின் காசும் சேர்ந்துதான் அந்தப் படுக்கை நடக்கிறது. ஆகையால் இந்தப் பாடத்தில் வேதத்தையும் விடுதியில் நாங்கள் காண்கிறவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதிலைத் தேடுவோம்.

எலியா குடிகாரன் அல்ல. ஆனாலும் கர்மேலில் ஜெயம் பெற்ற அந்த மனுஷன், யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டான். எங்கள் விடுதிக்கு வருகிறவர்களில் அநேகர் அந்தச் செடியின் கீழிருந்தே வருகிறார்கள். தேவன் எலியாவை எந்த ஒழுங்கில் நடத்தினார் என்று பாருங்கள்.

1. முதலில் அடை, பிறகுதான் கேள்வி

தூதன் வந்து கண்டிக்கவில்லை. தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். உடம்பு தேறும்வரை தேவன் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

விடுதியில் முதல் வாரமும் இப்படித்தான். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததைக் காண்பார்கள். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மருத்துவர் குளோர்டயஸிபாக்ஸைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து நிறுத்துகிறார். ஈரல் கெட்டவருக்கு வேறு மாத்திரை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசி போடுகிறார்கள். இந்தச் சத்துக் குறைந்தால் மூளை பாதிக்கப்பட்டு, ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

ஒரு கொத்தனார் வந்த நாளில் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் இரவில் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே இருந்தார். மனைவி விடியுமட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும் நாளில் அவர் எங்களிடம், "ஐயா, முதல் வாரம் நீங்க பண்ணின ஜெபம் எதுவும் ஞாபகத்துல இல்ல. நர்சம்மா கஞ்சி ஊட்டினாங்க, அது மட்டும் இருக்கு" என்றார். ஆலயத்தில் முப்பது வருஷம் பிரசங்கித்தவர்களுக்கு இது நல்ல பாடம். அந்தக் கஞ்சியும் ஊழியமே. உங்கள் காணிக்கையின் முதல் பங்கு அந்தக் கஞ்சிக்குத்தான் போகிறது.

2. இருமுறை கேட்கப்பட்ட ஒரே கேள்வி

ஓரேபில் தேவன் எலியாவிடம், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். எலியா தன் வைராக்கியத்தையும் மற்றவர்களின் துரோகத்தையும் எடுத்துச் சொன்னான். பெருங்காற்று வந்தது, பூமியதிர்ச்சி வந்தது, அக்கினி வந்தது. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. பின்பு ஒரு மெல்லிய சத்தம். மறுபடியும் அதே கேள்வி. எலியாவும் அதே பதிலைச் சொன்னான். தேவன் கோபித்துக்கொள்ளவில்லை.

உடம்பு தேறினதும், "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று பலர் பெட்டியைக் கட்டுவார்கள். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. காலையில் மணி அடித்ததும் எழுந்து, அறையைப் பெருக்கி, தியானத்துக்கு வந்து, பிறகு தனி ஆலோசனைக்கும் குழுக் கூட்டத்துக்கும் உட்கார வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு வாரமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: "மகன் மரியாதை கொடுப்பதில்லை, அதனால்தான் குடிக்கிறேன்." ஆலோசகர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டார், வாதாடவில்லை. மூன்றாம் வாரம் குழுவில், அவர் வயதில் பாதியுள்ள ஓர் ஆட்டோ ஓட்டுநர், தன் மகளின் கம்மலை அடகு வைத்துக் குடித்ததைச் சொல்லி அழுதார். யாரும் பேசவில்லை. பிறகு ஆசிரியர் மெதுவாக, "நான் என் வீட்டுக்காரியின் மருந்துப் பணத்தை எடுத்திருக்கிறேன்" என்றார். மகனைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது. அக்கினி ஒன்றும் இறங்கவில்லை. தன்னைப் போன்ற இன்னொருவனின் குரலில் அவருக்கு அந்த மெல்லிய சத்தம் கேட்டது.

3. வந்த வழியே திரும்பிப் போ

தேவன் எலியாவை ஓரேபிலேயே வைத்துக்கொள்ளவில்லை. வந்த வழியாய் வனாந்தரத்துக்கே திருப்பி அனுப்பினார். விடுதியின் மதிலுக்குள் மதுக்கடை இல்லை. வெளியே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே உண்டு. சம்பள நாள், கல்யாண வீடு, துக்க வீடு, பழைய கூட்டாளியின் ஒரு தட்டு என்று எல்லாமே அந்த வழியில் காத்திருக்கின்றன. ஆகவே போகுமுன் ஒவ்வொருவரும் எந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போவது, கூலியை யார் கையில் கொடுப்பது, ஆசை வந்தால் யாரை அழைப்பது என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். நான்கு காரியங்களில் விழித்திருக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்: பசி, கோபம், தனிமை, களைப்பு. சூரைச்செடியின் கீழிருந்த எலியாவை இன்னொருமுறை பாருங்கள். பசித்திருந்தான், களைத்திருந்தான், தான் ஒருவனே மீந்திருப்பதாக நினைத்தான், மனக்கசப்பும் இருந்தது.

பிரவுன் சுகர் பழக்கத்தோடு வரும் வாலிபருக்கு வேறோர் எச்சரிப்பு உண்டு. சில வாரம் நிறுத்தின உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்று மரிக்க நேரிடும். இதை அவர்களிடமும் பெற்றோரிடமும் ஒளிக்காமல் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

வீட்டாரின் பாதையும் கடினமானது. "மூணு மாசமாச்சு ஐயா, இன்னும் வாசல்ல நிறுத்தி என் வாயை முகந்துதான் உள்ளே விடுறா" என்று ஒருவர் குறைபட்டார். மனைவியோ, "பதினாலு வருஷம் நம்பி ஏமாந்த மூக்கு இது" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. ஈரல் தேறுகிற வேகத்தில் நம்பிக்கை தேறுவதில்லை.

4. ஏழாயிரம் பேர்

தான் ஒருவனே என்று நினைத்த எலியாவுக்குத் தேவன் ஏழாயிரம் பேரைக் காட்டினார். கூட நடக்க எலிசாவையும் கொடுத்தார்.

1935-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வியாபாரமாக வந்த பில் வில்சன் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், ஆசை தன்னை மேற்கொள்ளும் என்று பயந்தார். தன்னைப் போல் இன்னொரு குடிகாரனோடு பேசினால் தப்பலாம் என்று தேடிப்போய், டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைக் கண்டார். அந்தச் சந்திப்புக்குப் பிறகும் டாக்டர் பாப் ஒருமுறை குடித்து விழுந்தார். கடைசியாக அவர் குடித்த 1935 ஜூன் 10-ம் தேதியையே ஏ.ஏ. என்னும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' ஐக்கியம் தன் பிறந்தநாளாக ஆசரிக்கிறது. விழுந்தவன் மறுபடி எழுந்த நாளிலிருந்து அந்த ஐக்கியம் தன் வயதைக் கணக்கிடுகிறது. 1951-ல் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தொடங்கியது. நம் ஊர்களிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன.

ஆனாலும் சிகிச்சை கிடைக்கிறவர்கள் கொஞ்சம் பேரே. மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதாவது சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே. நீங்கள் தாங்கும் ஒரு படுக்கையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

5. தூதன் இரண்டாம் முறையும் தொட்டான்

இப்போது பங்காளரின் கேள்விக்கு வருவோம். சாப்பிட்டு மறுபடியும் படுத்துவிட்ட எலியாவைத் தூதன் விட்டுவிடவில்லை. இரண்டாம் முறையும் வந்து, தொட்டு, சாப்பிடச் சொன்னான். இனி நடக்கவேண்டிய தூரம் அதிகம் என்பதே அவன் சொன்ன காரணம். முதல் அடை வீணாய்ப் போயிற்று என்று தூதன் கணக்குச் சொல்லவில்லை. நாற்பது நாள் நடக்க எலியாவுக்குப் பெலன் தந்தது இரண்டாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

சர்க்கரை நோயாளி சர்க்கரை ஏறி இரண்டாம் முறை வந்தால் எந்த மருத்துவமனையும் வாசலை அடைப்பதில்லை. அடிமைத்தனமும் நாள்பட்ட நோயே. இப்படிச் சொல்வதால் அவனுடைய பொறுப்பை நீக்கிவிடுகிறோம் என்று எண்ணவேண்டாம். இரண்டாம் முறை வருகிறவனிடம், எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு வழுக்கினாய் என்று இன்னும் உன்னிப்பாய்க் கேட்கிறோம். முதல் முறை சொல்லாததை அப்போது சொல்லுகிறவர்கள் உண்டு.

சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மூன்று முறை வந்தார். முதல் முறை போய் ஏழு மாதம் நன்றாயிருந்தார். அண்ணன் மரித்த துக்க வீட்டில் விழுந்தார். திரும்பி வந்த நாளில் வெட்கத்தால் உள்ளே நுழையாமல், காலையிலிருந்து சாயங்காலம் நான்கு மணிமட்டும் எதிரேயுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் போய் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மூன்றாம் முறை வந்தபோது ஈரல் மிகவும் கெட்டிருந்தது. அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனாலும் நான்கு மாதத்தில் நம் வார்டிலேயே மரித்தார். எல்லாரும் குணமாகிவிடுகிறார்கள் என்று உங்களுக்கு எழுத எங்கள் மனச்சாட்சி இடங்கொடாது. அடக்க ஆராதனைக்குப்பின் அவருடைய மகள், "அந்த நாலு மாசம் எங்க அப்பா எங்களுக்குக் கிடைச்சாரு ஐயா" என்றாள். அந்த நான்கு மாதத்துக்கு நாம் என்ன விலை போடுவோம்?

ஆம் ஐயா, கொடுக்கிறோம். அடையைச் சுட்டு வைக்கிறவர்கள் நீங்கள். தொட்டு எழுப்புகிறவர்கள் நாங்கள்.

சபைகள் கவனிக்க வேண்டியவை

அ. நெடுநாள் குடித்தவரை அறையில் அடைத்து, உபவாசமிருக்க வைத்து, திடீரென்று நிறுத்தப் பண்ணாதிருங்கள். ஜெபியுங்கள், ஆனால் முதலில் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

ஆ. அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காப்பியிலோ டைசல்பிரம் மாத்திரையைக் கலக்காதிருங்கள். 1948 முதல் சிகிச்சையில் உள்ள நல்ல மருந்துதான். ஆனால் அதன்மேல் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிர் போகவும் கூடும். அறிந்து சம்மதித்து எடுப்பவருக்கே அது உதவும்.

இ. நற்கருணைப் பாத்திரத்தில் புளித்த ரசம் உண்டானால், இவர்களுக்காகப் புளியாத திராட்சைச் சாற்றை ஆயத்தப்படுத்துங்கள்.

ஈ. விடுதலையான மறுவாரமே சாட்சி சொல்ல மேடையில் ஏற்றாதிருங்கள். விழுந்தால் அந்த மேடையே அவர் ஆலயத்துக்குத் திரும்பி வரத் தடையாகிவிடும்.

உ. மனைவி பிள்ளைகளை விசாரியுங்கள். குடிகாரனின் மனைவி என்று பின்வரிசையில் ஒதுங்கி உட்காருகிற சகோதரியின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஜெபக் குறிப்புகள்

விடுதியில் இப்போது முதல் வாரத்தில் இருக்கிறவர்களுக்காகவும், இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர்களுக்காகவும் ஜெபியுங்கள். வீடு திரும்பி, வாசலில் நம்பிக்கைக்காகக் காத்திருக்கிறவர்களுக்காக ஜெபியுங்கள். திரும்பி வர வெட்கப்பட்டு எதிரேயுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களை மறவாதேயுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சிற்றாலயப் போதகர்