பட்ஜெட்டுக்குத் துணை நிற்பதா, பள்ளி வாரியத்துக்கு நிற்பதா?

நியூயார்க் மாநிலத்தில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பணம் என்பதை ஊர் மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர்கள் முன் இரண்டு கேள்விகள் வைக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டின் பள்ளி பட்ஜெட்டை ஏற்கிறீர்களா? பள்ளி வாரியத்தில் காலியாகும் இடங்களுக்கு யார் வரவேண்டும்? நியூயார்க் நகரம், பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ், யாங்கர்ஸ் ஆகிய ஐந்து பெருநகரங்களில் மட்டும் பட்ஜெட் வாக்கெடுப்பு இல்லை. பள்ளியின் மேல் அக்கறை உள்ளவருக்கு இங்கே மூன்று வழிகள் திறந்திருக்கின்றன: வாக்களித்துவிட்டு வருவது, பட்ஜெட் நிறைவேற ஆதரவு திரட்டுவது, வாரியத்துக்குத் தானே போட்டியிடுவது. இவற்றில் கடைசி வழிதான் பெரிய தொண்டு என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலோருக்கு இரண்டாவது வழியே முதலில் ஏற்றது என்பது என் கருத்து. அந்த வேலைக்குத்தான் ஆள் குறைவு; அதைச் செய்து பழகியவரே நல்ல வாரிய உறுப்பினராகவும் ஆகிறார்.

பட்ஜெட் தோற்றால் என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் இந்த ஒப்பீடு விளங்கும். பள்ளிகளுக்கான பணம் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில உதவியிலிருந்தும் வருகிறது. 2011இல் இயற்றப்பட்டு 2019இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டத்தின்படி, சில விலக்குகள் போக, வரி வசூல் ஓர் ஆண்டில் 2% அல்லது விலைவாசி உயர்வு, இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் உயரலாம். அதைத் தாண்ட வேண்டுமானால் சாதாரணப் பெரும்பான்மை போதாது. 60% வாக்குகள் வேண்டும். பட்ஜெட் தோற்றால் அதையோ திருத்திய ஒன்றையோ ஜூன் மாதத்தில் இன்னொரு முறை வாக்குக்கு விடலாம். அதுவும் தோற்றால், வரி வசூலைச் சென்ற ஆண்டின் அளவிலேயே நிறுத்தும் சிக்கன பட்ஜெட்டுக்கு வாரியம் போயாக வேண்டும். மருத்துவக் காப்பீடும் ஒப்பந்தச் சம்பளமும் ஆண்டுதோறும் ஏறும்போது வரி ஏறாமல் நின்றால், துண்டு விழும் தொகையை வகுப்பறையிலும் இசையிலும் விளையாட்டிலும்தான் பிடிக்க முடியும். அவசரமில்லாத கருவிகள் வாங்குவதும் நின்றுபோகும்.

இவ்வளவு கனமான முடிவுக்கு ஆதரவு கேட்கப் பள்ளி நிர்வாகத்துக்கே உரிமை இல்லை. பொதுப்பணத்தைக் கொண்டு பட்ஜெட்டின் விவரங்களைத் தெரிவிக்கலாம். ‘ஆம் என்று வாக்களியுங்கள்’ என்று வற்புறுத்தக் கூடாது என்று மாநிலத்தின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் 1986இல் பிலிப்ஸ் எதிர் மாரர் வழக்கில் தீர்ப்பளித்தது. வரி கட்டும் எல்லாருடைய பணத்தையும் ஒரு தரப்பின் பிரசாரத்துக்குச் செலவழிப்பது முறையல்ல என்பதால் அந்தத் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். எடுத்துச் சொல்லி வாக்குக் கேட்கும் பொறுப்பு முழுவதும் குடிமக்கள் தலையில் விழுகிறது. பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் அதைச் செய்யாவிட்டால் செய்ய வேறு ஆள் இல்லை. மேலும், இந்த வாக்கெடுப்புகளுக்கு வருவோர் குறைவு. ஒரு தெருவில் சிலரை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தாலே முடிவு மாறக்கூடும்.

ஆதரவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவது அல்ல. மே மாதத்துக்கு வரும்போது பட்ஜெட் முடிந்துபோன ஆவணம். ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், அவ்வளவுதான். அதன் விவரங்கள் குளிர்கால மாதங்களில், பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரும் வாரியமும் நடத்தும் பொதுக் கூட்டங்களில் எழுதப்படுகின்றன. வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களில் நடக்கும் பட்ஜெட் விசாரணைக் கூட்டத்தில் கேட்பதைவிட ஜனவரியில் கேட்கும் கேள்விக்குத்தான் பலன் அதிகம். மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? ஒதுக்கப்படாத உபரி நிதி, சட்டம் அனுமதிக்கும் அளவான அடுத்த ஆண்டு பட்ஜெட்டின் 4%க்குள் இருக்கிறதா? மாநில கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் தணிக்கை அறிக்கை என்ன சொல்கிறது? இவற்றைப் படித்தவர் ‘ஆம்’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும். திருப்தி இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லவும் அவருக்கே தகுதி உண்டு.

இனி வாரியத்துக்கு நிற்பதைப் பார்ப்போம். பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் 18 வயதும் குடியுரிமையும் அந்த மாவட்டத்தில் ஓராண்டு வசிப்பும் போதும். வேட்புமனுவில் குறைந்தது 25 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். முந்தைய தேர்தலில் வாக்களித்தவர்களில் 2% அதைவிட அதிகமானால் அத்தனை கையெழுத்து. சிறுநகர மாவட்டங்களில் 100. வாசல் இவ்வளவு எளிது என்றாலும் உள்ளே போன பிறகுதான் பாரம் தெரியும். மூன்று முதல் ஐந்து ஆண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. தனி உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வாரியம் கூடிப் பெரும்பான்மையாக எடுக்கும் முடிவுக்கே அதிகாரம். கணக்கைக் காப்பதே முதல் கடமை. லாங் ஐலண்டின் ராஸ்லின் மாவட்டத்தில் நிர்வாகத்தில் இருந்தவர்களே 1.1 கோடி டாலருக்கு மேல் சுருட்டியது 2004இல் அம்பலமானது. அதன்பின், புதிய உறுப்பினர்கள் முதல் ஆண்டுக்குள் குறைந்தது 6 மணி நேரம் நிதிக் கண்காணிப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று மாநிலம் விதித்தது. ஆகவே தன் பிள்ளையின் வகுப்பில் ஒரு குறையைத் தீர்க்கவோ ஒரேயொரு பாடத்திட்டத்தைக் காப்பாற்றவோ நினைப்பவருக்கு இந்த நாற்காலி பொருந்தாது. நல்ல இரண்டு திட்டங்களில் ஒன்றை வெட்டிவிட்டு, அதற்கான காரணத்தை அண்டை வீட்டாரிடம் நேரே சொல்லத் துணிபவருக்கே அது பொருந்தும்.

உள்ளே போனால்தானே மாற்ற முடியும், வெளியே நின்று கேள்வி கேட்டு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு பட்ஜெட் சுற்று முழுவதையும் வெளியிலிருந்து கவனிக்காமல் உள்ளே போகிறவர், அதிகாரிகள் வைக்கும் எண்களை நம்புவதைத் தவிர வழியில்லாமல் நிற்பார். அப்படி வெளியிலிருந்து கவனித்துப் பழகியவர்கள் கட்டாயம் நிற்க வேண்டும். எதிர்த்து ஆளே இல்லாத தேர்தல் எந்த ஊருக்கும் நல்லதல்ல. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஏன் வரி உயர்வை ஆதரிக்க வேண்டும் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அவருடைய கவலை நியாயமானது. அதைச் சுயநலம் என்று ஒதுக்குவது தவறு. வருமான வரம்புக்கு உட்பட்ட 65 வயது நிரம்பியவர்களுக்கான கூடுதல் ஸ்டார் வரிச் சலுகையைப் பற்றி அவருக்குச் சொல்லி, விண்ணப்பிக்க உதவுவதும் ஆதரவு திரட்டுபவரின் வேலையே. பிள்ளை இல்லாதவருக்கும் சொந்த வீடு இல்லாதவருக்கும் இதில் என்ன பங்கு என்ற கேள்விக்கு 1969இலேயே விடை கிடைத்துவிட்டது. லாங் ஐலண்டில் பெற்றோர் வீட்டில் வசித்த, மணமாகாத ஒருவர் தொடுத்த கிரேமர் வழக்கில், சொத்து உள்ளவர்களுக்கும் அதைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மட்டுமே வாக்கு என்ற நியூயார்க் விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பள்ளி ஊரார் அனைவருக்கும் பொது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

நியூயார்க் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஹெச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இந்தத் தேர்தலில் வாக்களிக்கவோ நிற்கவோ முடியாது. தவறி வாக்களித்தால் குடியேற்ற நிலைக்கே ஆபத்து வரும். ஆனால் வாரியக் கூட்டங்களுக்குப் போகவும், பட்ஜெட்டைக் கேள்வி கேட்கவும், பெற்றோர் சங்கத்தில் உழைக்கவும் தடையில்லை. ஆக, தேர்வு இப்படி அமையலாம். மாதம் ஒரு மாலை மட்டுமே ஒதுக்க முடிந்தவர் கூட்டங்களுக்குப் போய் விவரம் அறிந்து வாக்களிக்கட்டும். வசந்த காலத்தில் சில வாரங்கள் தர முடிந்தவர் அண்டை அயலாரிடம் பேசி ஆதரவு திரட்டட்டும். ஓராண்டுக் கணக்கை அடிமுதல் நுனிவரை படித்த பிறகும் இன்னும் சில ஆண்டுகள் தர மனம் இருப்பவர் தயங்காமல் வேட்புமனு வாங்கட்டும்.