பஃபர் என்ன பாவம் செய்தது?

‘பஃபர் இருக்கிற பெடலா? வேண்டாம் சார், டோனைக் குடிச்சிடும்.’ கிட்டார் பெடல்களைப் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்தால் நாள் தவறாமல் காதில் விழும் வாக்கியம் இது. பஃபர் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. யாரோ சொன்னார்கள், ஏதோ வீடியோவில் பார்த்தார்கள். அந்தப் பயத்தில் பஃபர் உள்ள நல்ல ட்யூனரை விற்றுவிட்டு, ‘ட்ரூ பைபாஸ்’ என்று அச்சடித்த பெடல்களாகத் தேடிப் பிடித்து ஒன்றரை அடிப் பலகையை நிரப்பிவிட்டு, ‘இப்பவும் சத்தம் மந்தமா இருக்கே’ என்று வந்து நிற்கிறார்கள். இருக்கத்தானே செய்யும்?

நம்பிக்கை 1: எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக இருந்தால் டோன் கெடாது.

ட்ரூ பைபாஸ் செய்வது ஒரே ஒரு வேலை. பெடலை அணைத்ததும் உள்ளே வரும் சிக்னலைச் சுவிட்ச் நேராக வெளியே அனுப்பிவிடும், சர்க்யூட் ஒதுங்கிக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் எல்லாப் பெடலும் அணைந்திருக்கும்போது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நீளமான ஒரு கேபிள். அதை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கபாசிட்டன்ஸ் உண்டு. ஸ்ட்ராட் வகை பிக்கப்பின் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய 2.5 ஹென்றி. இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும்; அதற்கு மேலே மளமளவென்று சரியும். கிட்டார் ‘பளிச்’சென்று கேட்பதற்குக் காரணம் அந்த மேடுதான். 6 மீட்டர் கேபிளில் நேராக ஆம்ப்பில் செருகினால் மேடு சுமார் 4,100 ஹெர்ட்ஸில் இருக்கும். பலகைக்கு 6 மீட்டர், அங்கிருந்து ஆம்ப்புக்கு 6 மீட்டர், நடுவில் பேட்ச் கேபிள்கள் எல்லாம் சேர்ந்து 1 மீட்டர் என்று வையுங்கள். மேடு சுமார் 2,800 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டோனைக் குடித்தது பஃபர் அல்ல, கேபிள்.

பஃபர் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. பிக்கப்புக்குப் பாரம் தராமல் சிக்னலை வாங்கி, வலுவாக்கி வெளியே விடும் சின்ன சர்க்யூட் அது. பாஸ் கம்பெனியின் வழக்கமான பெடலில் உள்ளே வரும் பக்கம் இம்பீடன்ஸ் 1 மெகா ஓம். வெளியேறும் பக்கம் 1 கிலோ ஓம். அதற்குப் பின்னால் எத்தனை மீட்டர் கேபிள் தொங்கினாலும் பிக்கப்புக்குத் தெரியாது. அது பார்ப்பது முதல் 6 மீட்டரை மட்டும். மேடு மறுபடி 4,100-க்கே ஏறிவிடும்.

யாரும் சொல்லாத இன்னொரு சங்கதி. ட்ரூ பைபாஸ் ஓவர்டிரைவை மிதித்து ஆன் செய்த அந்தக் கணத்தில் அதன் சர்க்யூட்டே கிட்டத்தட்ட பஃபர் மாதிரி வேலை செய்யத் தொடங்கிவிடும். அணைத்தால் மறுபடி மந்தம். ஆக, ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் அடிப்படை டோனே மாறுகிறது. இதற்கா கூடுதல் காசு கொடுத்தீர்கள்?

வதந்திக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1960களின் கடைசியில் வந்த வா-வா பெடல்களில் மலிவான சுவிட்சைப் போட்டார்கள். பெடலை அணைத்த பிறகும் உள்ளே இருந்த சர்க்யூட் பிக்கப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அது உண்மையான குறை. ஆனால் அங்கே பஃபரே கிடையாது! பஃபர் இல்லாத பெடலின் பழியைத்தான் இன்றுவரை பஃபர் சுமக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மருக்குப் பெடல்போர்டு கட்டிக் கொடுத்த பீட் கார்னிஷ், பஃபருக்காக வெளிப்படையாக வாதாடியவர். அவருக்கா காது இல்லை?

விலக்கு ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 1966இல் லண்டனில் பிறந்த ஃபஸ் ஃபேஸ் பெடலும் அதன் வாரிசுகளும் பிக்கப்போடு நேரடியாக உறவாடுகிறவை. முன்னால் பஃபர் வந்தால் ஒலி காய்ந்துபோகும். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் தெளியும் அழகும் போய்விடும். ஆகவே அந்த வகை ஃபஸ் இருந்தால் அதை முதலில் வையுங்கள், அடுத்து பஃபர் உள்ள ட்யூனர். ஃபஸ் இல்லையென்றால் ட்யூனரே முதல். சின்னப் பலகைக்கு ஒரு நல்ல பஃபர் போதும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். எல்லாப் பெடலையும் அணைத்துவிட்டு மேல் ஈ தந்தியை பிக்கால் மீட்டுங்கள். பிறகு பலகையைக் கழற்றி, ஒரே கேபிளில் நேராக ஆம்ப்புக்குப் போய் அதையே மீட்டுங்கள். பிக் தந்தியைத் தொடும் அந்த ‘டிக்’ இரண்டிலும் ஒன்றாகக் கேட்டால் உங்கள் பலகையில் குறையில்லை.

நம்பிக்கை 2: பெடல் வரிசைக்கு ஒரே விதிதான்.

ஓவர்டிரைவ், பிறகு கோரஸ், டிலே, கடைசியில் ரிவர்ப். தொடங்குவதற்கு நல்ல வரிசை, வேதவாக்கு அல்ல. எட்டி வான் ஹேலன் தன் ஃபேஸ் 90 பெடலை மார்ஷல் ஆம்ப்பின் டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் வைத்தார். மாற்றி வைத்தால் பெடல் வெடித்துவிடாது.

நம்பிக்கை 3: மினி பெடல் என்றால் மட்டமான ஒலி.

பெட்டி சிறுத்தால் ஒலி சிறுக்காது. சர்ஃபேஸ் மவுண்ட் பாகங்களில் அதே சர்க்யூட்டைக் கட்டலாம். இழப்பது பேட்டரிக்கான இடம், காலுக்கு வசதி, சில நேரம் ஒன்றிரண்டு குமிழ்.

நம்பிக்கை 4: தங்கமுலாம் பூசிய பேட்ச் கேபிள் ஒலியை உயர்த்தும்.

ஒரு சாண் கேபிளில் தங்கம் என்ன செய்யும்? காசைத் தட்டையான எல் வடிவ பிளக்குக்குச் செலவழியுங்கள். பாஸ் பெடலின் அகலம் 73 மில்லிமீட்டர். நேர் பிளக்குகளுக்கு இடம் விட்டால் நான்கு பெடல் உட்காரும் பலகையில் மூன்றுதான் உட்காரும்.

நம்பிக்கை 5: ஒரே அடாப்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் கோத்துவிட்டால் போதும்.

அனலாக் ஓவர்டிரைவ்கள் மட்டும் என்றால் சரி. பல பெடல்களுக்குச் சில மில்லிஆம்பியரே தாராளம். டிஜிட்டல் டிலேயும் ரிவர்பும் சில நேரம் நூற்றுக்கணக்கில் கேட்கும், தங்கள் கிளாக்கின் கீச்சொலியையும் அந்த ஒயரில் கலந்துவிடும். அவற்றுக்கு ஐசொலேட்டட் சப்ளை வேண்டும்.

மின்சாரப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஹம் சத்தம் போக வேண்டும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கிறவர்களும், டூ-பின் அடாப்டரில் செருகுகிறவர்களும் பஃபருக்குப் பயப்படுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிட்டார் தந்திகள் பிரிட்ஜ், கேபிள் ஷீல்டு வழியாக ஆம்ப்பின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால், கை தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்ட நொடியில் 230 வோல்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். மறுமுனையில் மைக்கின் எர்த் போயிருந்தாலும் ஆபத்து அதேதான். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி 1972இல் ஸ்வான்சீ மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டுத்தான் இறந்தார்.

ஹம் வந்தால் பலகையையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுங்கள். சவுண்ட் மிக்ஸருக்குப் போகும் லைனில் சத்தமிருந்தால் டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். எர்த் முள்ளில் கை வைக்காதீர்கள். மண்டபத்துச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பெடல்களை ஆன் செய்யுங்கள்.